‘வம்சாவளி’ என்னும் ஒரு சொல்: பன்னாட்டுச் சட்டத்தில் சாதிக்கு இடம் உண்டா?

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறித் தொழிலாளர்களுக்காக நாங்கள் நடத்திய சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றின் முடிவில், காலனியைச் சேர்ந்த முதிய பெண் ஒருவர் எழுந்து கேட்டார்: “சுடுகாட்டுக்குப் போற வழிக்காக மனு குடுத்துக் குடுத்து ஓஞ்சிட்டோம் வக்கீல் சார். ஐ.நா. சபைக்கு எழுதினா அவங்களாவது கேப்பாங்களா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டக் கல்லூரியில் பன்னாட்டுச் சட்டம் படித்த நாங்கள் எவரும் அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ‘முடியும்’ என்பதும் முழு உண்மையன்று. ‘முடியாது’ என்பதும் முழு உண்மையன்று. பன்னாட்டுச் சட்டத்தில் சாதி எங்கே இருக்கிறது, எப்படி நுழைந்தது, யார் அதை வெளியே நிறுத்த முயல்கிறார்கள், நம் கையில் எஞ்சியிருப்பது என்ன என்பவற்றை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசுகள் எழுதும் சட்டம்

உள்நாட்டுச் சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றுகிறது. காவல்துறையும் நீதிமன்றமும் நடைமுறைப்படுத்துகின்றன. பன்னாட்டுச் சட்டத்துக்கு அவ்வாறான தனியொரு சட்டமன்றமோ காவல்துறையோ இல்லை. அரசுகள் ஒன்றுகூடி உடன்படிக்கைகளை எழுதுகின்றன. விரும்பும் அரசு ஏற்கிறது. விரும்பாத பிரிவுகளுக்கு விலக்கும் கோரிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு சொல்லும் பேரத்தின் விளைவாகவே உடன்படிக்கைக்குள் வருகிறது. இது அரசியல்.

ஆயினும் அரசுகள் தம் விருப்பப்படி மட்டுமே அதை எழுதிவிடுவதில்லை. அடிமைமுறை, காலனியாதிக்கம், நிறவெறி ஆகியவற்றை எதிர்த்து எழுந்த மக்களின் அறச்சீற்றம் அரசுகளைச் சில சொற்களை ஏற்கச் செய்தது. அவ்வாறு ஏற்கப்பட்ட சொல், பின்னாளில் அதை முன்மொழிந்த அரசையே கேள்வி கேட்கும் வலிமை பெறுகிறது. இதற்கு இந்திய அரசும் சாதியும் பற்றிய வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1946: இந்தியா எழுப்பிய குரல்

ஐக்கிய நாடுகள் அவை தோன்றிய மறு ஆண்டிலேயே, முழு விடுதலை கிட்டுவதற்கு முன்னரே, தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதத்தை இந்தியா பொதுச்சபைக்குக் கொண்டு சென்றது. தூதுக்குழுவுக்கு விஜயலட்சுமி பண்டிட் தலைமை ஏற்றார். ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவின்படி நீங்கள் தலையிட முடியாது’ என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. பொதுச்சபை அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1946 டிசம்பர் 8 அன்று இந்தியாவின் பக்கமாகத் தீர்மானம் நிறைவேறியது. மனிதரை இழிவுபடுத்துவது எந்த நாட்டின் உள்விவகாரமும் ஆகாது என்னும் கோட்பாட்டை உலக மன்றத்தில் நிலைநாட்டிய முன்னோடிகளுள் இந்தியாவும் ஒன்று.

அதே 1946-ல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் மனு அளிக்க முனைவதை அறிந்த அண்ணல் அம்பேத்கர், அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி அந்த மனுவின் படிகளைக் கேட்டார். இந்தியாவின் தீண்டப்படாத மக்களும் அவ்வழியைப் பின்பற்ற எண்ணுகின்றனர் என்பதை அதில் குறிப்பிட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். நாட்டின் எல்லைக்கு வெளியே முறையிடும் எண்ணம் இன்றைய தன்னார்வ நிறுவனங்களின் கண்டுபிடிப்பு என்று ஏளனம் செய்வோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கும் முன்பாக, 1930-ல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்தவர் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் 1997 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

1948: சாதி என்ற சொல்லே முன்மொழியப்பட்டது

உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில், ஆண்களை மட்டும் சுட்டுவதாகப் பொருள்கொள்ளத்தக்க தொடரை மாற்றி, ‘மனிதர்கள் அனைவரும்’ என்னும் பொருள் வரச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. இது பலரும் அறிந்தது. அதே பிரகடனத்தின் 2-ஆம் பிரிவைப் பற்றிய விவாதத்தில் நிகழ்ந்ததைச் சிலரே அறிவர்.

பாகுபாடு கூடாத அடிப்படைகளின் பட்டியல் 1948-ல் பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் விவாதிக்கப்பட்டபோது, ‘பிறப்பு’ என்னும் சொல்லுக்கு மாற்றாகச் ‘சாதி’ என்னும் சொல்லைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தது இந்தியத் தூதுக்குழு. பின்னர், ‘சமூகத் தோற்றம்’, ‘பிற நிலை’ ஆகிய தொடர்களின் பொருள் விரிந்தது, அவை போதும் என்று கூறித் தன் கோரிக்கையை வற்புறுத்தாமல் விட்டது. அதாவது, சாதிப் பாகுபாடு அப்பிரகடனத்தின் வரம்புக்குள் வருகிறது என்னும் புரிதலோடுதான் அச்சொல் கைவிடப்பட்டது.

1965: வம்சாவளி

அனைத்து வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1965 டிசம்பர் 21 அன்று பொதுச்சபையில் நிறைவேறியது. அதன் 1(1) பிரிவு, இனப்பாகுபாட்டை ஐந்து அடிப்படைகளைக் கொண்டு வரையறுக்கிறது: இனம், நிறம், வம்சாவளி, தேசியத் தோற்றம், இனக்குழுத் தோற்றம். இவற்றுள் ‘வம்சாவளி’ என்னும் சொல் இந்தியா கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகவே வரைவுக்குள் நுழைந்தது. பின்தங்கிய பிரிவினருக்கான சிறப்பு நடவடிக்கைகள் குறித்த விவாதத்தில், ஒரே இனத்தைச் சேர்ந்தவர்களாயினும் சாதியால் தாழ்த்தப்பட்ட மக்களை இந்தியப் பிரதிநிதி எடுத்துக்காட்டினார். இட ஒதுக்கீடு பாகுபாடு எனக் கருதப்பட்டுவிடக் கூடாது என்பது அன்றைய அக்கறை. 1968 டிசம்பரில் இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றது. 1969 ஜனவரி 4 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

1996 முதல் 2007 வரை: மறுப்பு

உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு ஜெனீவாவில் இந்தியாவின் அறிக்கையை 1996-ல் ஆய்வு செய்தபோது, ‘வம்சாவளி என்பது இனத்தை மட்டுமே குறிக்கும், சாதி இனம் அன்று, ஆகவே பட்டியல் சாதியினரின் நிலை இவ்வுடன்படிக்கைக்குள் வராது’ என்று இந்திய அரசு வாதிட்டது. குழு அதை ஏற்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலை உடன்படிக்கையின் வரம்புக்குள் வரும் என்று பதிவு செய்தது.

2000 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமைத் துணை ஆணையம், ‘பணி மற்றும் வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு’ பன்னாட்டு மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்மானித்தது. அதுபற்றிய முதல் ஆய்வுத்தாளை எழுதியவர் இலங்கைச் சட்ட அறிஞர் குணசேகர. சாதி என்று நேரடியாகச் சொல்லாமல் இந்த நீண்ட தொடரைப் பயன்படுத்தியதே ஓர் அரசியல் சமரசந்தான். ஆனால் அந்தச் சமரசம் ஜப்பானின் புராக்கு மக்களையும் மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்த்தப்பட்ட பிரிவினரையும் நம்மோடு ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது.

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டுக்குத் தலித் செயற்பாட்டாளர்கள் பெருந்திரளாகச் சென்றனர். தென்னாப்பிரிக்க மண்ணில், 1946-ல் இந்தியா எந்த வாதத்தை முறியடித்ததோ அதே வாதத்தை இந்திய அரசு கையில் எடுத்தது: இது உள்நாட்டு விவகாரம். வரைவில் இருந்த பணி, வம்சாவளி பற்றிய பத்தி இறுதி ஆவணத்தில் இடம்பெறவில்லை. பாலஸ்தீனம் தொடர்பான சர்ச்சையில் அமெரிக்காவும் இசுரேலும் அம்மாநாட்டிலிருந்து வெளியேறின என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தம் வீட்டுக் குற்றத்தைப் பேச விடாமல் தடுப்பது இந்தியாவின் தனிப்பழக்கம் அன்று.

டர்பனில் மூடிய கதவு மறு ஆண்டு ஜெனீவாவில் திறந்தது. 2002 ஆகஸ்டில் கண்காணிப்புக் குழு வெளியிட்ட 29-ஆம் பொதுப் பரிந்துரை, சாதியும் அதையொத்த பிறப்புவழிப் படிநிலைகளும் ‘வம்சாவளி’ என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று தெளிவாக அறிவித்தது.

2006 டிசம்பரில் தில்லியில் பேசிய அன்றைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்பிடத்தக்கது தென்னாப்பிரிக்க நிறவெறியே என்றார். இரண்டு மாதங்கள் கழித்து, 2007 பிப்ரவரியில், அவரது அரசின் தூதுக்குழு ஜெனீவாவில் சாதிப் பாகுபாடு இவ்வுடன்படிக்கைக்குள் வராது என்று மீண்டும் வாதிட்டது. உள்நாட்டு மேடையில் அறம் பேசியது. வெளிநாட்டு மேடையில் அரசியல் பேசியது. 2010 ஜனவரியில் அளிக்க வேண்டிய அடுத்த அறிக்கை உரிய காலத்தில் அளிக்கப்படவில்லை.

‘சாதி இனம் அன்று’ என்னும் வாதம்

இவ்வாதத்தை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். சாதி இனம் அன்று என்பது உண்மையே. ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் 1936-லேயே சாதிக்கு இன விளக்கம் தருவோரை மறுத்தவர் அண்ணல் அம்பேத்கர். ஆனால் உடன்படிக்கை இனத்தை மட்டும் தடைசெய்யவில்லை. ஐந்து அடிப்படைகளுள் இனம் ஒன்று, வம்சாவளி மற்றொன்று. வம்சாவளிக்கும் இனம் என்றே பொருள் என்றால், இந்தியா அந்தச் சொல்லைத் தனியாகச் சேர்க்கச் சொன்னது ஏன்? சட்ட உரை ஒன்றில் எந்தச் சொல்லும் வீணாக இடப்பட்டதாகக் கொள்ளலாகாது என்பது சட்டப் பொருள்கோடலின் அடிப்படை விதி.

சாதி பிறப்பால் வருகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. பணம் சேர்த்தாலும் படித்தாலும் மதம் மாறினாலும் பின்தொடர்கிறது. இது வம்சாவளி இல்லையென்றால் வேறெது வம்சாவளி?

இங்கிலாந்தின் அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழிவகை செய்யப்பட்டது. 2013-ல் அது கட்டாயக் கடமையாக்கப்பட்டது. ஆயினும் 2018-ல் அரசு பின்வாங்கியது. இதற்கிடையே 2014-ல் அந்நாட்டு வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ‘இனக்குழுத் தோற்றம்’ என்பதற்குள் வம்சாவளியும் அடங்கும், அதன் வழியாகச் சாதியும் அடங்கக்கூடும் என்று கூறியது. அரசியல் தயங்கிய இடத்தில் சொல்லின் பொருள் ஒருவருக்கு நீதி பெற்றுத் தந்தது.

அந்தத் தயக்கம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கும் ஒரு சான்று. ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டுப் பன்னாட்டுத் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008-ல் விண்ணப்பித்தது. இந்தியா தொடர்ந்து கேள்விகளை எழுப்பியதால் அந்த விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டது. 2022 டிசம்பரில்தான் தகுதி கிடைத்தது. தாலுகா அலுவலகத்தில் மட்டுமே கோப்பு உறங்கும் என்று நினைப்பது தவறு.

நமக்குக் கிடைக்கும் கருவிகள்

இனி அந்த முதிய பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

முதலில், முடியாதவை. இனப்பாகுபாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவின்கீழ்த் தனிநபர் முறையீடுகளை ஏற்பதாக இந்தியா அறிவிக்கவில்லை. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1979-ல் ஏற்றது. தனிநபர் முறையீட்டுக்கான அதன் விருப்ப நெறிமுறையை ஏற்கவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993-ல் ஏற்றது. அதன் விருப்ப நெறிமுறையையும் ஏற்கவில்லை. ஆகவே ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் இந்தக் குழுக்களுக்கு வழக்குப்போல் முறையிட இயலாது.

இனி, முடிந்தவை.

ஒன்று: ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள். இனவெறி, சிறுபான்மையினர், சமகால அடிமைமுறை, பெண்களுக்கு எதிரான வன்முறை ஆகியவற்றுக்குத் தனித்தனி அறிக்கையாளர்கள் உள்ளனர். எந்த உடன்படிக்கையின் ஏற்பும் இன்றி இவர்களுக்கு எழுதலாம். இவர்கள் அரசிடம் விளக்கம் கேட்பர், ஆணையிட முடியாது. சிறுபான்மையினருக்கான அறிக்கையாளர் 2016-ல் மனித உரிமை மன்றத்தில் அளித்த அறிக்கை முழுவதும் சாதியைப் பற்றியதே.

இரண்டு: பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு. வேலையிலும் தொழிலிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-ல் ஏற்றது. அதில் ‘சமூகத் தோற்றம்’ ஓர் அடிப்படை. சாதியை அதற்குள் வைத்தே அவ்வமைப்பின் வல்லுநர் குழு இந்தியாவிடம் கேள்வி எழுப்பிவருகிறது. கட்டாய உழைப்பை எதிர்க்கும் 29-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1954-ல் ஏற்றது. தொழிற்சங்கங்கள் வல்லுநர் குழுவுக்கு நேரடியாகக் கருத்துரை அனுப்பலாம். திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் முன்பணத்தால் கட்டுண்ட இருளர் குடும்பங்களுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் திறந்திருக்கும் வாசல் இது. நாம் இதைத் தட்டுவது மிகக் குறைவு.

மூன்று: நம் நீதிமன்றங்கள். பன்னாட்டுச் சட்டத்தை மதித்தல் அரசின் நெறி என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51(இ) உறுப்பு. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாகாத பன்னாட்டு உடன்படிக்கையை அடிப்படை உரிமைகளுக்குப் பொருள்காணப் பயன்படுத்தலாம் என்று 1997-ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு கூறியது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடைசெய்யும் பன்னாட்டு ஆவணங்களுள் ஒன்றாக இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையையும் உச்ச நீதிமன்றம் எண்ணியது. சாதி அந்த உடன்படிக்கைக்குள் வராது என்று அரசு ஜெனீவாவில் கூறுகிறது. சாதி சுமத்திய தொழிலை ஒழிக்க அதே உடன்படிக்கையை நம் உச்ச நீதிமன்றம் துணைக்கு அழைக்கிறது. இந்த முரணை ஒவ்வொரு எதிர்வாதத்திலும் நாம் எடுத்துரைக்க வேண்டும்.

நான்கு: தேசிய, மாநில மனித உரிமை ஆணையங்கள். 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ‘மனித உரிமைகள்’ என்பதற்கான வரையறையிலேயே பன்னாட்டு உடன்படிக்கைகளைச் சுட்டுகிறது. டர்பன் மாநாட்டின்போது, பாகுபாட்டுக்கு என்ன பெயர் இடுவது என்பதைவிட அது தொடர்கிறது என்பதே கவலைக்குரியது என்னும் நிலைப்பாட்டைத் தேசிய மனித உரிமை ஆணையம் எடுத்தது.

ஊரும் உலகமும்

ஜெனீவாவின் சொற்கள் இங்கே எதைத் தொடுகின்றன? 2020 ஆகஸ்ட் 15 அன்று கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் தேசியக் கொடி ஏற்ற இயலாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவியபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே வட்டாரத்தின் தோக்கமூரில் எழுப்பப்பட்டிருந்த தீண்டாமைச் சுவர் நெடிய போராட்டத்துக்குப் பின் 2022-ல் அகற்றப்பட்டது. இரண்டிலும் எந்த ஐ.நா. அதிகாரியும் வரவில்லை. மக்கள் ஊரறியப் பேசினர், அரசு அசைந்தது. பன்னாட்டு நெறிமுறை இயங்கும் விதமும் ஏறத்தாழ இதுவே: ஆணையிடும் ஆற்றல் அதற்குக் குறைவு, மறைக்கப்பட்டதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விடை சொல்லக் கட்டாயப்படுத்தும் ஆற்றலே அதிகம்.

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. மாநிலங்களின் எல்லையை நாடாளுமன்றச் சட்டம் ஒன்றால் மாற்ற முடிந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லையை மாற்ற அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு, 1955-ஆம் ஆண்டுச் சட்டம், 1989-ஆம் ஆண்டுச் சட்டம் என எத்தனையோ சட்டங்கள் இருந்தும் முடியவில்லை. எனவே சட்டம் ஒன்று கூடுவதால் மட்டும் விடியல் வந்துவிடாது. சட்டத்தை இயங்கவைக்கும் மக்கள் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த அம்மாவுக்கு அன்று நாங்கள் கூறிய விடை இதுதான். ஐ.நா.வுக்கு எழுதலாம், எழுதுவோம். ஆனால் முதலில் இங்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுடுகாட்டையோ அதற்கான பொதுப் பாதையையோ சாதியின் பெயரால் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ்க் குற்றம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை வெளிப்படையாகவே கூறுகிறது. சட்டம் விதித்த கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரும் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உரியவர். வெறும் கோரிக்கை மனுக்களாக இருந்தவற்றை, நாள், நிலஅளவை எண், தடுத்தவர், தடுத்த விதம் ஆகியவற்றோடு முறையான புகாராக மாற்ற வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வைத்திருக்க வேண்டும். உள்ளூரில் முறையாகப் பதிவு செய்யப்படாத அநீதியை ஜெனீவாவிலும் எவரும் படிக்க மாட்டார்கள். ஜெனீவாவுக்குப் போகும் கோப்பின் முதல் தாள் ஆர்.கே.பேட்டைக் காவல் நிலையத்தில் பெறும் ஒப்புகைச் சீட்டுதான்.

அவர் தம் பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன மனு நகல்களை எடுத்து மேசைமேல் அடுக்கினார். பாதிக்குமேல் ஒப்புகை இல்லை. அன்று மாலையே முதல் புகாரை எழுதத் தொடங்கினோம்.

‘சாதி’ என்னும் சொல்லை 1948-ல் முன்மொழிந்ததும் ‘வம்சாவளி’ என்னும் சொல்லை 1965-ல் தந்ததும் இந்திய அரசு. இரண்டையும் அது மறக்க விரும்பலாம். அவற்றை நினைவூட்டும் உரிமை, அந்தச் சொற்களின் சுமையைப் பிறப்பு முதல் சுடுகாட்டுப் பாதை வரை சுமக்கும் மக்களுக்கு உண்டு. நாம் பன்னாட்டுச் சட்டத்திடம் இரக்கம் கேட்கவில்லை. இந்தியா உலகுக்கு அளித்த வாக்கை, இந்தியாவிடமே திருப்பிக் கேட்கிறோம்.